மணி பதித்த பலகைகள்

பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்ததும் மிஷின் ஓட ஆரம்பித்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆட்டோவை விட்டு இறங்கியபோது பட்டறை அமைதியாகத்தான் இருந்தது. தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. பட்டறைக்காரர் நல்லசிவம் வாசலுக்கே வந்து, "வாங்க மேடம், படி ஒண்ணு இருக்கு" என்று கேட்காமல் கொள்ளாமல் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அரியமங்கலத்துப் பக்கத்துப் பட்டறைகளின் வாசனை எல்லாம் அங்கேயும் இருந்தது. எரிந்த பிளாஸ்டிக், ரம்பத்தூள், கிரீஸ். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, புண்ணுக்குப் போடுகிற களிம்பின் வாசனை, அதைச் சுமந்துகொண்டிருக்கிற ஒரு உடம்பின் வாசனை. வலப்பக்கம் பின்னால் ஒரு நாற்காலிக்கால் தரையில் லேசாக இழுபட்டது. "யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். "யாருமில்ல மேடம், பசங்க சாப்பிடப் போயிட்டாங்க, நீங்களும் நானும்தான்" என்றார் அவர். அந்த நிமிஷத்தில்தான் மோட்டார் சுழன்று, கூடம் முழுக்க இரைச்சல் நிரம்பியது. கண் தெரிந்தவர்களுக்கு அது வெறும் சத்தம். பிலோமினாவுக்கு அறையின் சுவர்களே சத்தத்தால் ஆனவை. யார் எங்கே நிற்கிறார்கள், கதவு திறந்திருக்கிறதா, மேசை எவ்வளவு தள்ளி இருக்கிறது எல்லாமே. மோட்டார் ஓடியதும் அறை அப்படியே காணாமல் போய்விட்டது. விளக்கை அணைத்த மாதிரி என்று மற்றவர்கள் சொல்வார்களே, அது இப்படித்தான் இருக்கும்போல. "ரவுட்டர் மிஷின் மேடம், பலகையைக் குடையறது, கம்ப்யூட்டர்ல போட்டு வச்சா அதுவா ஓடும்" என்றார் நல்லசிவம். அவள் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களைப் பாங்கில் போன் எடுத்து எடுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். கடன் கேட்டுக் கூப்பிடுகிறவன் முதலில் தன் நேர்மையைத்தான் சொல்லுவான். மிஷின் அதுவாக ஓடும் என்றே வைத்துக்கொள்வோம். அவர் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது, யாரு இருக்காங்க என்று அவள் கேட்ட பிறகு, அது ஏன் ஓட வேண்டும்?

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பாங்க் மேனேஜர்தான், நம்ம கஸ்டமர், ஒரு நல்ல காரியம், அரைநாள் போய்ப் பார்த்துவிட்டு வாங்க என்றார். புதிதாகக் கட்டியிருக்கிற ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்கு, ஒவ்வொரு வாசலிலும் மாட்டுவதற்குப் பிரெய்ல் பலகைகள். தடவிப் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துச் சரி சொன்னால்தான் மாட்டுவோம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். அவளிடமிருந்து எல்லோருக்கும் வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான், சரி. அவள் படிப்பதா முக்கியம், படித்தாள் என்று சொல்வதுதான் முக்கியம். முன்பு ஒருமுறை அவள் போயிருந்த கடைவளாகத்திலும் யாரோ ஒருவரைக் கூப்பிட்டுச் சரி வாங்கியிருப்பார்கள். அங்கே கழிவறை வாசலில் அவள் பலகையைச் சரியாகத்தான் படித்தாள், 'பெண்கள்' என்று விரல் தெளிவாகச் சொன்னது, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், போனபின்தான் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு ஆம்பளைக் குரல், "அம்மா, இது ஜென்ட்ஸ்" என்றது. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. இன்னொருவன், "டேய் பாவம்டா, கண்ணு தெரியாது" என்றான். அந்தப் பாவம்தான் இன்னும் காதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது, உங்கள் பலகைக்குத்தான் தெரியவில்லை என்று சொல்லத் தோன்றாமல் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள். வாட்ச்மேனிடம் பலகை இடம் மாறி இருக்கிறது என்று சொன்னபோது அவன், "அதெல்லாம் சும்மா டிசைனுக்கு வச்சதும்மா, அதையா படிச்சீங்க?" என்றான். நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டான். டிசைனுக்கு வைத்ததைப் படித்தவள். அன்றிலிருந்து வழவழவென்ற பலகை எதைத் தொட்டாலும் அவளுக்கு முதலில் வருவது அந்தச் சிரிப்பு, அப்புறம்தான் எழுத்து.

"இதைப் பாருங்க மேடம்" என்று நல்லசிவம் ஒரு பலகையை அவள் கைக்கு அடியில் நகர்த்தினார். அவள் உடனே படிக்கவில்லை. முதலில் ஓரங்களைத் தடவினாள். மழுக்கியிருந்தார்கள், நல்லது. இந்த வேலைக்கு ஒருவன் எந்த அளவு அக்கறைப்பட்டான் என்பது ஓரத்தில் தெரியும் என்று நினைத்தாள், உடனே, ஓரத்தைத்தான் தொடுவாள் என்று தெரிந்தே மழுக்கியிருக்கலாம் என்றும் நினைத்தாள். அப்புறம் வலதுகை ஆள்காட்டி விரலை வரியின் மேல் விட்டாள். மருந்தகம். ஒவ்வொரு புள்ளியும் உருண்டையாக, விரலைக் குத்தாமல், அதே சமயம் வழுக்கிப் போகாமல் நின்றது. அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல கையெழுத்தைப் பார்த்தால் கண் தெரிந்தவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ. அடுத்த பலகை, இரத்தப் பரிசோதனை. அடுத்தது, காத்திருக்கும் அறை. ஒரு புள்ளி விடுபடவில்லை, ஒரு சொல் பிசகவில்லை. அளவுக்கு மீறி நன்றாக இருந்தது. அவள் யோசித்தபடி கட்டைவிரல் நகத்தால் ஒரு புள்ளியை நெம்பிப் பார்த்தாள். ஸ்டிக்கராக இருந்தால் பெயர்ந்து வரும். வரவில்லை. "ஒட்டினது இல்ல மேடம்" என்றார் நல்லசிவம். பார்த்துக்கொண்டேதான் நிற்கிறார். "பலகையில மிஷினால பொடிசா ஓட்டை போட்டுருவோம். அப்புறம் ஓட்டைக்கு ஒரு மணி, கடுகு சைஸ் உருண்டை, வச்சுக் கையால அமுக்குவோம். பாதி உள்ள, பாதி வெளிய. உசிரே போனாலும் கழண்டு வராது." "யாரு அமுக்கினது?" என்று கேட்டாள். அவர் கொஞ்சம் தாமதித்தார். மோட்டார் இரைச்சலில்கூட அந்தத் தாமதம் அவளுக்குக் கேட்டது. "பசங்கதான்" என்றார். "நல்லா இருக்கு" என்றாள் பிலோமினா, அவர் முகத்துக்குச் சொல்லவில்லை, அந்த வேலைக்குச் சொன்னாள், கொஞ்சம் உரக்கவே சொன்னாள். சொன்னதும் வலப்பக்கம் பின்னால் எதுவோ அசைந்தது. அடக்கி வைத்திருந்த மூச்சை ஒருவர் விடுகிற அசைவு. காற்றாடிக் காற்றில் களிம்பு வாசனை ஒரு தரம் கிட்ட வந்து போனது.

அங்கே யாரோ இருக்கிறார்கள். பிலோமினா தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் தெரிந்துவிட்டது என்று தெரிந்துவிடும். பேசாமல் இருக்கிறவர்களை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். பேசுகிறவன் எவ்வளவு கெட்டவனானாலும் எங்கே இருக்கிறான் என்று தெரியும். பஸ்ஸில் பேசாமல் பக்கத்தில் வந்து நிற்பவன், அவள் சாப்பிடுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா வீட்டு விருந்தாளிகள், பெண் பார்க்க வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போன அந்த மாப்பிள்ளை, போன பிறகும் அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் எவ்வளவு நேரம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இங்கே எதற்கு ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும்? போட்டோ எடுக்கிறார்களா? கண் தெரியாத பெண்மணி தடவிப் பார்த்து மகிழ்ந்தார் என்று நாளைக்கு எதிலாவது போடுவார்களா? அப்படியென்றால் கேட்டே எடுக்கலாமே, அவள் என்ன முகத்தையா மூடிக்கொள்ளப் போகிறாள். அவள் நாலாவது பலகையை எடுத்தாள், மருத்துவர் அறை, அதுவும் பிசகில்லை. அவளுக்குத் தப்பு ஒன்று வேண்டியிருந்தது. சோற்றில் கல் இருந்தே தீரும் என்று நாக்கு துழாவிக்கொண்டே இருக்குமே, அப்படி விரல் துழாவியது. நான் என்ன இப்படி ஆகிவிட்டேன், நல்லதை நல்லது என்று எடுத்துக்கொள்ளத் தெரியாமல் என்று ஒரு பக்கம் நினைத்தாள். இன்னொரு பக்கம், எடுத்துக்கொண்ட இடங்களில் எல்லாம் என்ன நடந்தது என்று மனது பட்டியல் போட ஆரம்பித்தது. அந்தப் பட்டியல் நடுவில் நல்லசிவத்தின் காலடியில் எதிலோ இடறி நின்றது. அவர் நகர்ந்தபோது ஒரு அட்டைப்பெட்டி உராய்ந்த சத்தம். ஒன்றில்லை, நிறைய பெட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று.

"அந்தப் பெட்டியில என்ன?" என்றாள். "இதேதான் மேடம், பேக் பண்ணி வச்சிருக்கோம்." "அதுல ஒண்ணு காட்டுங்க." "எல்லாம் ஒண்ணுதான் மேடம். டேப் எல்லாம் போட்டாச்சு, பிரிச்சா திரும்ப ஒட்டணும், அதான்." அவர் குரல் இப்போது முன்னைவிட இனித்தது. குரல் இனிக்கிற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. "மாட்டப் போறது பெட்டியில இருக்கறதுதானே சார். நான் அதைத்தானே பார்க்கணும்" என்றாள். அவர் பார்வை எங்கோ போய்த் திரும்பியிருக்க வேண்டும், அவ்வளவு நேரம் ஆனது. பிறகு டேப்பைக் கத்தி கிழித்தது. ஒரு பலகை வந்தது. பிலோமினா விரலை வைத்தாள், சட்டென்று எடுத்துவிட்டாள்.

மறுபடி வைத்தாள். முதலில் ஒற்றைப் புள்ளி, அது அகரம். அதற்கப்புறம் ஒன்றும் விரலில் உட்காரவில்லை. புள்ளிகள் பட்டாணி மாதிரி இருந்தன, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. ஒரு எழுத்தின் இடது பாதி விரலுக்குள் இருந்தால் வலது பாதி வெளியே இருந்தது. விரலை அசைத்து அசைத்துப் பொறுக்க வேண்டியிருந்தது. அவசர. அதற்கடுத்து வ. அப்புறம் இடப்பக்கம் மூன்று புள்ளி நேராக, லகரம். அவசர வலி. ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு அறை இருக்கிறதா? தப்பு பலகையில் இல்லை, விரலில்தான் என்று அவளுக்குத் தோன்றியது. போன மாதம் பாங்கில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தபோது டாக்டர் அவளிடம், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார், விரல் மரத்துப் போகிறதா என்றும் கேட்டார். அவள் அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமே திரும்பச் சொல்லிக்கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் படுக்கை விளிம்பில் விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பது மட்டும் நடக்கிறது. விரல் போய்விட்டால் அவளுக்கு இரவே வந்த மாதிரி. இதுதானோ, இப்படித்தான் தொடங்குமோ, எல்லோரும் வழி என்று படிக்கிற இடத்தில் அவள் மட்டும் வலி என்று படிப்பாளோ. இடது கையால் மேசையைத் துழாவி முதலில் படித்த பலகையை இழுத்தாள். மருந்தகம். பளிச்சென்று வந்தது. திரும்ப இதன்மேல் வைத்தாள். மூன்று புள்ளிக்கு வலப்பக்கம், வெகு தள்ளி, ஊருக்கு வெளியே குடியிருக்கிற மாதிரி இன்னும் இரண்டு புள்ளி. அது லகரம் இல்லை, ழகரம். அவசர வழி. அவள் விரலுக்கு ஒன்றுமில்லை. பயம் விலகிய இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது, அவளுக்கு அது சௌகரியமாக இருந்தது. சந்தேகம் பொய்யாகிவிடுமோ என்று இவ்வளவு நேரம் இருந்த சங்கடம் தீர்ந்துவிட்டது.

"சார்" என்றாள். "எனக்குக் காட்ட ஒண்ணு, மாட்டறதுக்கு ஒண்ணா?"

"இல்ல மேடம், அது வந்து..."

"இது குப்பை. அவசரத்துல ஓடி வர்றவங்க இதைப் பொறுக்கிப் படிக்கறதுக்குள்ள செத்தே போயிருவாங்க. பார்த்தா புள்ளி பெருசா அழகா இருக்குன்னு யாரோ கண்ணு தெரிஞ்சவங்க செஞ்ச வேலை. படிக்கறவங்களைப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சிருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்க."

மோட்டார் நின்றது. நல்லசிவம் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார். கூடம் திரும்பி வந்தது, கூரை, ஜன்னல், தூரத்துச் சாலை, வலப்பக்கம் பின்னால் ஒரு ஆள்.

"கண்ணு தெரிஞ்சவங்க இல்லைங்க" என்றது ஒரு பெண்குரல். நடுத்தர வயசுக் குரல், கொஞ்சம் கரகரத்தது. "நான்தான் செஞ்சேன். எனக்கும் தெரியாது."

"என் வீட்டுக்காரி மேடம்" என்றார் நல்லசிவம், எங்கோ கீழே பார்த்துச் சொல்கிற குரலில். "தமயந்தி. சுகர்ல பார்வை போயிருச்சு. முன்னாடி இந்தப் பட்டறையில டிசைன் பூரா அவதான்."

"மிஷினை நான்தான் போட்டேன்" என்றாள் தமயந்தி. "உங்களுக்குக் காது கூர்மைன்னு பாங்க்ல சொன்னாங்களாம். மூச்சு கேட்டுரும்னு போட்டேன். நான் உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா பாவம்னு நல்லா இருக்குன்னு சொல்லிருவீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. இட்லி கல்லு மாதிரி இருந்தாலும் நல்லா இருக்குங்கறாங்க." அவள் எழுந்தாள், மேசையைப் பிடித்துக்கொண்டு, களிம்பு வாசனையோடு மெல்ல மெல்ல வந்தாள். "ஒரு டீச்சர் வந்து புள்ளி சொல்லிக் குடுத்தாங்க. என் விரலுக்கு ஏறவே இல்ல. மரத்துக் கிடக்கு. பெருசு பண்ணினா தெரிஞ்சுது. அதான் இவர்கிட்ட ஓட்டையைப் பெருசா, தள்ளித் தள்ளிப் போடச் சொன்னேன். என்னைப் போல நாலு பேருக்கு உதவுமேன்னு." நின்றாள். அப்புறம் அவள் குரல் வேறு பக்கம் திரும்பியது. "ஏங்க. முதல்ல அவங்க நல்லா இருக்குன்னு சொன்னாங்களே, அது எது?"

நல்லசிவம் பெட்டியின் மூடியை மடித்து மூடுகிற சத்தம் கேட்டது.

"என் பலகைன்னுல்ல நினைச்சேன்" என்றாள் தமயந்தி.

"சாம்பிளுக்கு நான் தனியா சரியான அளவுல போட்டது" என்றார் அவர் கடைசியில். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நாலு மாசம் ஒதுங்கியே இருந்துட்டு இப்பத்தான் நீ பட்டறைக்குள்ள வந்து உக்காந்த."

பிலோமினாவுக்கு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. அவள் சந்தேகப்பட்டது அத்தனையும் சரி, பெட்டியும் சரி, மூச்சும் சரி, மிஷினும் சரி. அத்தனையும் சரியாக இருந்தும் அவள் நினைத்த கதை எங்கேயும் இல்லை. இந்த மனுஷன் ஏமாற்றியது இரண்டு பெண்களை, ஒருத்தியிடம் சரி வாங்க வேண்டும் என்று, இன்னொருத்தி வேலையை விட்டு மறுபடி எழுந்து போய்விடக்கூடாது என்று. அல்லது இதுவும் நடிப்பா? பரிதாபத்தைக் கொண்டுவந்து முன்னால் உட்கார வைத்தால் சரி சொல்லிவிடுவாள் என்று கடைசியாக ஒரு ஏற்பாடா? அந்தப் பெண்ணுக்குக் கண் தெரியாது என்று யார் சொன்னது, அவர்கள் இரண்டு பேரும்தானே. இப்படி நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் நினைப்பு நிற்கவில்லை. அவள் சாம்பிள் பலகைகளைக் கலைத்து ஒன்றை எடுத்துத் தமயந்தி பக்கம் தள்ளினாள். "இதைப் படிங்க" என்றாள். பெயர்கள் எல்லாம் டிசைன் பண்ணியவளுக்கு மனப்பாடமாகத்தான் இருக்கும். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். மருந்தகம் என்றோ மருத்துவர் அறை என்றோ சொல்லிவிட்டால் சரியாகவே போய்விடவும் கூடும். விரல் பலகையில் தேய்கிற சத்தம் கேட்டது. இடமிருந்து வலம், திரும்ப இடமிருந்து வலம். விரலை மாற்றினாள். மூச்சு வேகமானது. ஒரு எழுத்தின் மேல் நின்று அழுத்தினாள், நகம் மணியில் உரசியது.

"தெரியல" என்றாள் தமயந்தி.

அந்த ஒரு சொல் பிலோமினாவின் உள்ளே எங்கோ போய் விழுந்தது. எத்தனை வருஷமாக எத்தனை குரல்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஒரு குரல் இவ்வளவு வெறுமையாக வந்து அவள் கேட்டதில்லை. "பெட்டியில இருக்கறது அத்தனையும் மாத்தணும்" என்றாள். "என் மாதிரி சின்ன வயசுலேருந்து படிக்கறவங்களுக்கு அந்த அளவு ஆகாது. உங்களை வருத்தப்படுத்தச் சொல்லல."

"நல்லா இல்லைன்னு சொன்னது நிஜம்தானே?"

"நிஜம்."

"அது போதும்" என்றாள் தமயந்தி. "ஆனா என் மாதிரி ஆளுங்க அங்க வருவாங்கல்ல. சுகர்காரங்கதான் நிறைய வருவாங்க. அவங்க எதைத் தொட்டுப் படிப்பாங்க?" என்றாள். பிலோமினா அப்படி யோசித்ததே இல்லை. தமயந்தி குனிந்து மேசைக்கு அடியில் இருந்த கழிவுத் தொட்டியைத் துழாவினாள், வெட்டிப் போட்ட துண்டுகள் கலகலத்தன. "எழுத்து எனக்கு மறக்கல. எழுதிப் படிச்ச எழுத்துதானே. பலகையில மேல எழுதியிருக்கறது சும்மா பெயிண்ட், தொட்டா தெரியாது. அதையே தடிமனா வெட்டி ஒட்டினா என்னால படிச்சிர முடியும். புள்ளி உங்களுக்கு, எழுத்து எங்களுக்கு." "அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல" என்றார் நல்லசிவம் வேகமாக, அவர் குரலில் இப்போது இனிப்பு இல்லை. தமயந்தி ஒரு துண்டைத் தேடியெடுத்து, தன் விரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, பிலோமினாவின் கையைத் தேடி உள்ளங்கையில் வைத்தாள்.

கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வழவழப்பான வளைசல். இடப்பக்கம் ஒரு சுழி இருந்தது, அதிலிருந்து வயிறு மாதிரி புடைத்துக் கீழே இறங்கி, அடியில் நீண்டு, வலப்பக்கம் செங்குத்தாக ஒரு தண்டில் போய் முடிந்தது. பிலோமினா அதை மூன்று விரலால் தடவினாள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு இங்கிலீஷில் நாலைந்து எழுத்து பழக்கிவிட்டார்கள், அத்தோடு சரி. கண் தெரிந்தவர்களின் தமிழ் எப்படி இருக்கும் என்று யாரும் அவள் கையில் வைத்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

"என்ன இது?" என்றாள்.

"அ" என்றாள் தமயந்தி.

இவ்வளவு வளைவா? அவளுக்கு அகரம் என்பது ஒரு புள்ளி, மேலே இடப்பக்கம் ஒற்றையாக நிற்கிற புள்ளி. இது அகரமாகவும் இருக்கலாம், வேறு எழுத்தாகவும் இருக்கலாம், வெட்டும்போது உடைந்த ஏதோ ஒரு துண்டாகவும் இருக்கலாம். நல்லசிவத்திடம் கேட்கலாம், அவர் சொல்வதையும் எதை வைத்து அளப்பது? அவள் சுழியிலிருந்து ஆரம்பித்து, வயிற்றில் இறங்கி, அடியில் நீண்டு, தண்டில் ஏறி, இன்னொரு தரம் முழுக்கப் போனாள்.

"சரி" என்றாள். "அ."